கடவுச்சீட்டும் போத்தலும்

மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. வெளிநாட்டில் தொழில் புரியும் ஒருவர் விடுமுறையில் வருகிறார் என்ற செய்தி லயத்திற்கு எட்டியதும், அவர் எந்நாளில் வருகிறார் என்று கேட்பவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது, போத்தல் கொண்டு வருகிறாரா என்பதையே. அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் கட்டுநாயக்காவை நோக்கி இரவோடிரவாகப் புறப்படும் வேன்களில் ஏறுவோர் சிலருக்கு, வருபவரின் முகத்தைக் காணும் ஆவலினும் அவர் கையிலுள்ள பையைக் காணும் ஆவலே பெரிதாக இருக்கிறது. வேன் கித்துள்கலையைத் தாண்டுமுன் முதற் போத்தல் திறக்கப்படுவதும் உண்டு. தாயின் முகத்தைப் பிள்ளை பார்ப்பதற்கு முன்பே தாயின் சம்பாத்தியத்தில் ஒரு பகுதி வழியிலே கரைந்துவிடுகிறது.

சட்டம் இதற்கு இடமளிக்கிறது. மதுசாரம் நூற்றுக்கு 24 முதல் 70 வரை கொண்ட பானங்களை ஒரு பிரயாணி ஐந்து லீற்றர் வரை விமானத்திற் கொண்டு செல்லலாம் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து விதி. எழுபதைக் கடந்தவற்றிற்கு அனுமதியே இல்லை. நமது சுங்கப் பகுதியினரோ இரண்டரை லீற்றர் மதுவுக்கும் இரண்டு லீற்றர் வைனுக்கும் தீர்வை கேட்பதில்லை. விமானத்திற் சுமந்து வர வேண்டிய தொல்லையும் இன்றி, கட்டுநாயக்கா வருகை மண்டபத்திலேயே தீர்வையற்ற கடைகள் காத்திருக்கின்றன. உள்நாட்டில் மதுவின் மீது அரசாங்கம் சுமத்தியுள்ள கடும் வரியை எண்ணுவோர், இச்சலுகையைக் கைவிடுவது மடமை என்றே கருதுகின்றனர். விமானம் சுமக்கும் அளவையும் சுங்கம் பொறுக்கும் அளவையும் விதிகள் வரையறுத்துள்ளன. ஒரு தோட்டக் குடும்பம் தாங்கக்கூடிய அளவு எவ்வளவு என்பதை நாமேதான் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போத்தல்களைக் கொண்டு வருவோர் யாவர்? சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் சென்று திரும்பும் உத்தியோகத்தர்களும் வர்த்தகர்களும் இருக்கின்றனர். எனினும், தோட்டத்தைப் பொறுத்தவரை விமானமேறியவர்களுட் பெருந்தொகையினர் மத்திய கிழக்கிலே உழைப்பவர்கள். அவர்களுள்ளும் வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற நம் தாய்மாரும் சகோதரிகளும் பலர். சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் தொழிலாளி மது வாங்குவது குற்றம். ஈராண்டு காலம் மதுவின் வாடையே இல்லாத நாட்டில் ஓய்வின்றி உழைத்தவள், தாய்நாட்டின் வாசலில் காலடி வைத்ததும் செய்ய வேண்டிய முதற் காரியம் கணவனுக்கும் மைத்துனனுக்கும் மது வாங்குவது என்று நாம் விதித்திருக்கிறோம். அவள் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை ஏற்கனவே தவறணையிற் செலவிட்டவர்களே, அவள் கடவுச்சீட்டுக்கு உரிய சலுகையையும் கேட்டு வாங்குகின்றனர்.

பெண்களுக்கு மது விற்கலாகாது என்று 1979-ஆம் ஆண்டு இந்நாட்டில் கட்டளை பிறந்தது. 2018 ஜனவரியில் அது நீக்கப்பட்டபோது, பண்பாடு கெட்டுவிடும் என்ற கூக்குரல் எழுந்தது. அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தலையிட்டு, சில நாட்களுக்குள்ளேயே அந்நீக்கத்தை இல்லாமற் செய்தார். ஊரிலே பெண் தவறணையை அணுகுவது பண்பாட்டுக்கு இழுக்கு என்போர், விமான நிலையத்தில் அதே பெண் ஆண்களுக்காகப் போத்தல் சுமந்து வருவதிற் குறை காண்பதில்லை. இது என்ன பண்பாடு?

கடவுச்சீட்டு நமக்கு எளிதில் வந்ததன்று என்பதை இளந்தலைமுறையினருக்கு நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளோம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைக் கேளாமலே நம்மைப் பங்கிட்டது. எஞ்சியோருக்கு விமோசனம் அளித்த சட்டம் 2003-ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட போராட்டத்தின் பயனாகக் கிட்டிய உரிமைச் சீட்டு அது. மன்னாரிலிருந்து காட்டு வழியே கால்நடையாக வந்த நம் முன்னோர் ஒரு மூட்டையுடன் இம்மலைகளில் ஏறினர். அவர்தம் பேரர் ஆகாய மார்க்கமாக வந்து இறங்கும்போது ஊரார் எண்ணிப் பார்ப்பது இரண்டு போத்தல்களை என்றால், நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

மது தோட்டத்திற்குப் புதிதன்று. வெள்ளையர் ஆட்சி சாராய வரியைத் திறைசேரியின் தூணாகக் கொண்டிருந்தது. 1912-ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தைத் தொடர்ந்து தவறணைகள் பெருகியபோது நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க முதலியோர் பொதுவாழ்விற் பெயர் பெற்றது மதுவிலக்கு மேடையிலேதான். தவறணை வேண்டுமா என்று ஊரார் வாக்களித்துத் தீர்மானிக்கும் முறையும் அக்காலத்தில் ஏற்பட்டது. யாழ்ப்பாணத்தார் அதனைக் கைக்கொண்டு தவறணைகளை மூடுவித்தனர். அத்தகைய இயக்கம் தோட்டங்களில் ஆழ வேரூன்றவில்லை. பகலெல்லாம் மழையிலும் குளிரிலும் உழைத்தவனுக்கு மாலையில் மது ஒன்றே ஆறுதல் என்று அவனை நம்பவைத்தவர்களுக்கு அதனால் ஆதாயம் இருந்தது. குடித்துக் கடன்பட்டவன் கூலி உயர்வு கேட்கத் துணியமாட்டான்.

இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். கசிப்பைக் குடித்து மடிவதினும் நல்ல மது சிறிது அருந்துவது மேலன்றோ என்பது ஒன்று. கசிப்பு நஞ்சு என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் வெளிநாட்டுப் போத்தல் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்; அது கிளறிவிட்ட தாகம் முடிவதில்லை. விருந்தினர் விமானமேறிச் சென்ற பின் அத்தாகம் மீண்டும் தவறணையையும் கசிப்பையுமே நாடும். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்வதற்கே 2021 மார்ச் வரை ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. அவ்வாறு வென்ற கூலியை யார் கையில் ஒப்படைக்கிறோம்?

உழைத்தவன் தன் பணத்தில் எதையும் வாங்குவான், கேட்க நீங்கள் யார் என்பது மற்றையது. நியாயமான கேள்வியே. நாம் தடைச் சட்டம் கோரவில்லை. 1937-இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டதையும், பின்னர் அதே தமிழகத்தில் அரசாங்கமே மதுக்கடை நடத்த முன்வந்ததையும் கண்டிருக்கிறோம். மக்கள் மனம் மாறாத இடத்தில் சட்டம் நிலைப்பதில்லை. ஆனால் தானாக விரும்பி வாங்குவது வேறு. வாங்காவிட்டால் ஊர் பழிக்கும் என்று அஞ்சி வாங்குவது வேறு. பின்னதைச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது.

மாற்றம் மேலிருந்து தொடங்கட்டும். ஆசிரியர்களும் வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் தோட்ட உத்தியோகத்தர்களும் காரியம் முடித்துத் தந்ததற்கு நன்றியாகப் போத்தல் பெறுவதை மறுக்க வேண்டும். நுவரெலியாவின் மரக்கறி விவசாயிகள், வெளிநாட்டிலுள்ள மக்களிடம் விதைக்கும் உரத்திற்கும் உதவும் பணத்தைக் கேட்கட்டும். போத்தலைக் கேட்க வேண்டாம். தொழிற்சங்கக் கிளைகளும் கோயிற் சபைகளும், விடுமுறையில் வருபவரிடம் யாரும் மது கேட்பதில்லை என்று தோட்டந்தோறும் தீர்மானம் செய்ய வேண்டும். வருபவர் வெறுங்கையுடன் வந்தாலும் அவரைத் தோளில் தட்டி வரவேற்கும் ஊரே தன்மானமுள்ள ஊர்.

அடுத்த வேன் கட்டுநாயக்காவுக்குப் புறப்படும்போது, வருபவளின் பிள்ளைகள் முன்னாசனத்தில் அமரட்டும். அவள் முதலிற் காண வேண்டியது அவர்களுடைய முகங்களையே.