கண்ணாடி போட்ட பொண்ணு

மஞ்சள் வித்து கையில நாலு காசு நின்ன நேரத்தில் மகளுக்கு ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது, குடும்பமும் பழக்கமான குடும்பம். கடைசியில் தரகர் போன் பண்ணினார். "எல்லாம் சரிங்க, பொண்ணு கண்ணாடி போடுதேன்னு யோசிக்கறாங்க. லேசர் பண்ணிட்டா ஒரே நாள்ல கண்ணாடியைத் தூக்கிப் போட்டுடலாமாம்."

மாப்பிள்ளைப் பையனும் போட்டோவில் கண்ணாடிதான். அதைப் பார்த்து எங்க வீட்டம்மா "படிச்ச களை"ன்னு சொன்னாங்க. அதே கண்ணாடி பொண்ணு முகத்துல இருந்தா குறையாம். இதெல்லாம் தெரிஞ்சும் நான் சரின்னு தலையாட்டினேன். மகள் ஒண்ணும் சொல்லலை. "உங்க இஷ்டம்ப்பா"ன்னா, அவ்வளவுதான்.

கோயமுத்தூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். அரை நாள் சோதனை. அதுக்கப்புறம் டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினாங்க. கிட்டப்பார்வை உள்ளவங்களுக்கு உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிஞ்சிடுது. கருவிழியோட வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினா சரியான இடத்துல விழும். லாசிக் முறையில் கருவிழி மேல ஒரு மெல்லிய ஏட்டை மூடி மாதிரி திறந்து, அடியில லேசரால செதுக்கி, திரும்ப மூடிடறாங்க. ஸ்மைல் முறையில் சின்னத் துளை வழியா உள்ளிருந்து ஒரு சில்லை எடுக்கறாங்க. எப்படி எடுத்தாலும் எடுத்தது திரும்ப வளராது.

கருவிழியோட தடிமன் சராசரியா 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரும் கொஞ்சமும். லாசிக் ஏட்டுக்கு 100, 120 போயிடும். ஒவ்வொரு பவருக்கும் ஏறக்குறைய 12 முதல் 15 மைக்ரான் செதுக்கணும். அடியில குறைஞ்சது 250 மிச்சம் இருக்கணும். என் மகளுக்குப் பவர் மைனஸ் ஆறு, தடிமன் 480. கணக்குப் போட்டா நூலிழையில் தேறுது. ஆனா கருவிழியோட வரைபடத்தில் கீழ்ப்பக்கம் லேசா புடைப்பு. செதுக்கினா அது பின்னாளில் கூம்பு மாதிரி பிதுங்கி, கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாம போகலாமாம். "இந்தக் கண்ணுக்கு லேசர் வேண்டாம்"ன்னு சொல்லிட்டாங்க.

எனக்குக் கோபம் வந்தது. காசோட வந்தவனைத் திருப்பி அனுப்பறாங்களேன்னு. பஸ்ஸில் வரும்போதுதான் எங்க தோட்டத்து போர் ஞாபகம் வந்தது. மூணு பேர் நீரோட்டம் பார்த்தாங்க. ரெண்டு பேர் "தண்ணி பொங்கும்"னாங்க. ஒருத்தர் மட்டும் "இங்க போடாதீங்க"ன்னார். நான் பொங்கும்னவங்களை நம்பி ஆயிரம் அடி போட்டேன், புகைதான் வந்தது. இல்லைன்னு சொன்ன மனுஷனைத்தான் இன்னைக்கும் நினைச்சுக்கறேன்.

லேசரை நான் குறை சொல்லலைங்க. 1981-ல் ஐ.பி.எம். ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சின வான்கோழித் துண்டு மேல் எக்சைமர் லேசரைப் பாய்ச்சி, பக்கத்துச் சதையைப் பொசுக்காம செதுக்கலாம்னு கண்ட குழுவில் ஒருத்தர் ரங்கசாமி ஸ்ரீநிவாசன். நம்ம மெட்ராஸில் பிறந்து படிச்சவர். தகுதியான கண்ணுக்கு அது நல்ல வரம். எங்க ஊர்லயே பண்ணிக்கிட்டு நல்லா இருக்கற பையன் இருக்கான்.

ஆனா பட்டணத்துல இருக்கற நீங்க ஆஃபர் விளம்பரம் பார்த்துட்டுப் போறதுக்கு முன்னாடி சிலது கேட்டுக்கங்க. பதினெட்டு வயசு தாண்டியிருக்கணும், ஒரு வருஷமாவது பவர் மாறாம இருக்கணும். கர்ப்பமா இருக்கறவங்களும் பால் கொடுக்கறவங்களும் பொறுக்கணும். கொஞ்ச நாளைக்குக் கண் வறட்சியும், ராத்திரி விளக்கைச் சுத்தி ஒளிவட்டமும் வரலாம். சிலருக்கு அது நீடிக்கும். நாற்பதுக்கு மேல படிக்கற கண்ணாடி எப்படியும் வரும், அதை இது தடுக்காது. பவர் அதிகம் இருந்தவங்க விழித்திரையைத் தொடர்ந்து காட்டணும். கண்ணாடி போனாலும் உள்ளே அது அதே கண்ணுதான். முக்கியமா, சிகிச்சைக்கு முந்தின பவர், தடிமன் அளவுச் சீட்டை மூலப்பத்திரம் மாதிரி பத்திரப்படுத்துங்க. வயசான காலத்துல கண்புரை லென்ஸ் அளவு கணக்குப் போட அது உதவும்.

இதெல்லாம் கண்ணோட சங்கதி. பொண்ணு தன் வசதிக்காக ஆசைப்பட்டா, கண்ணும் இடம் கொடுத்தா, தாராளமா பண்ணட்டும். பார்க்க வர்றவங்க முகம் கோணாம இருக்கணும்னு நல்லாத் தெரியற கண்ணுல கை வைக்கறது தப்பு. டாக்டரம்மா சோதிச்சது கண்ணை மட்டும்தான். எதுக்காக வந்தீங்கன்னு என்னை நானே கேட்டிருக்கணும்.

தரகருக்குப் போன் பண்ணி, "பொண்ணு கண்ணாடி போடுங்க, போட்டுட்டேதான் இருக்கும்"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் இன்னும் பதில் இல்லை. இனி ஜாதகத்தோட கண்ணாடி போட்ட போட்டோவையே கொடுக்கப் போறோம். முதல்ல எடுத்த போட்டோவுக்கு அதைக் கழட்டச் சொன்னது நான்தான்.