கட்டம் காலி என்றால் காற்று சுத்தமா?

2018 ஜனவரி 13, போகி. விடிந்த பிறகும் மீனம்பாக்கத்தில் ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. பழைய பாயும் கந்தல் துணியும் மட்டுமா எரிந்தன? டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்த புகை, மார்கழிப் பனியோடு கலந்து தரையை ஒட்டியே நின்றுவிட்டது. சென்னைக்கு வந்த விமானங்கள் சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. கிளம்ப வேண்டியவை காத்துக்கிடந்தன.

விமான நிலையத்தைத் தாண்டினால் பல்லாவரம், பிறகு தாம்பரம், வண்டலூர். இவையெல்லாம் இப்போது செங்கல்பட்டு மாவட்டம். மாவட்டத்தின் கிழக்கு ஓரம் முழுக்கக் கடற்கரை; கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று நீள்கிறது. எல்லைப் பலகை பஸ்ஸுக்குத்தான். புகை அதைப் படிப்பதில்லை. அதனால் புகைமூட்டத்தைக் குறைக்கும் திட்டத்தை ஓர் ஊருக்கு மட்டும் போட்டால் பாதிதான் பலிக்கும். வட்டாரம் முழுமைக்கும் போட வேண்டும். அதற்கு முதல் தேவை நம்பத்தக்க எண்கள். அந்த எண்களைச் சேர்ப்பது ஒரு வேலை. சேர்த்ததைச் சலித்துச் சுத்தமாக வைத்திருப்பது அதைவிடப் பெரிய வேலை.

மூட்டம் எதனால்?

கண்ணுக்குத் தெரியும் மூட்டத்துக்கு முக்கியக் காரணம், கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். பி.எம் 2.5 என்பது இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட துகள். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. இது நுரையீரலின் கடைக்கோடி வரை போகும். வெளிச்சத்தையும் சிதறடிக்கும். அதனால்தான் தூரத்துக் குன்று வெளிறித் தெரிகிறது. சல்பேட், நைட்ரேட், கடல் உப்பு போன்ற துகள்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிப்போகும். அதே அளவு மாசு, ஈரம் மிகுந்த காலையில் இன்னும் அடர்ந்த திரையாகத் தெரிவது இதனால்தான்.

தை பிறக்கும் நேரத்துக் குளிர் இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. கீழே எரிந்த புகை மேலே ஏற வழியில்லை.

ஆறு மணி நேரம் காணாமல் போனால்

தொடர் கண்காணிப்பு நிலையங்களில் பலவும் பீட்டா கதிர் முறையில் இயங்குகின்றன. காற்றை உறிஞ்சி, துகள்களை ஒரு வடிகட்டி நாடாவில் படியவிட்டு, அதன் வழியே பீட்டா கதிர் எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்று பார்த்து எடையைக் கணக்கிடும். எண்கள் உடனுக்குடன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சர்வருக்குப் போகும். செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்படி ஒரு நிலையம் வண்டலூர் கிரசென்ட் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அங்கிருந்து மாமல்லபுரம் நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்கும் அதிகம்.

கரன்ட் போகும். நாடா தீரும். ஏ.சி. நின்று கருவி சூடாகும். அந்த மணி நேரங்களுக்கு உரிய கட்டம் அட்டவணையில் காலியாக இருக்கும். 'ஒன்றிரண்டு கட்டம்தானே' என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாளில் 18 மணி நேரம் பி.எம் 2.5 அளவு 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 6 மணி நேரம் ஊரே எரித்ததால் 400. நாள் சராசரி 137.5. இந்தியாவில் 2009 முதல் நடப்பில் இருக்கும் நாள் வரம்பு 60; அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இப்போது அந்த 6 மணி நேரப் பதிவு மட்டும் விடுபட்டுவிட்டது. மீதியின் சராசரி 50. வரம்புக்குள்!

காற்றுத் தரக் குறியீடு கணக்கிட ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரப் பதிவு இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே 18 மணி நேரம் இருக்கிறது. விதி மீறப்படவில்லை, யாரும் பொய் எழுதவுமில்லை. ஆனாலும் அந்த இரவு மூச்சுத் திணறிய குழந்தையின் காற்று கணக்கிலேயே வரவில்லை.

கையால் மாதிரி எடுக்கும் பழைய நிலையங்களில் வேறு சிக்கல். வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் என்பது அங்கே வழக்கம். போகி அந்த இரண்டு நாளில் விழாவிட்டால் பதிவேட்டைப் பொறுத்தவரை போகியே வரவில்லை. இதை உணர்ந்துதான் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போகிக்கு முன்பும் போகியன்றும் சென்னையில் 15 இடங்களில் தனியாகக் காற்றை அளந்துவருகிறது.

அரிசியில் கல் பொறுக்குவது போல

காலிக் கட்டம் மட்டும் பிரச்னை இல்லை. நிரம்பிய கட்டத்திலும் கல் இருக்கும்.

* பல மணி நேரம் ஒரே எண் அசையாமல் நின்றால் காற்று நிற்கவில்லை, கருவி சிக்கிக்கொண்டிருக்கிறது.
* பல கருவிகள் 1,000 மைக்ரோகிராம் வரை மட்டுமே அளக்கும்படி அமைக்கப்பட்டவை. 999 என்று வந்தால் உண்மை அளவு அதைவிடக் கூடவும் இருக்கலாம்.
* நைட்ரஜன் டை ஆக்சைடைச் சில கருவிகள் பி.பி.பி. என்ற அலகில் காட்டும். ஒரு பி.பி.பி. என்பது சுமார் 1.88 மைக்ரோகிராம். 50 பி.பி.பி.யை மாற்றாமல் 50 மைக்ரோகிராம் என்று ஏற்றிவிட்டால், நாள் வரம்பான 80க்குள் அடங்கிவிடும். உண்மையில் அது 94.
* விலை மலிவான சிறு சென்சார்கள் ஒளிச் சிதறலை வைத்துத் துகளை எண்ணுபவை. பனிக்காலையில் நீர்த்துளியையும் தூசி என்றே எண்ணிவிடும்.

இதற்குத் தீர்வு, சந்தேகமான எண்ணை அழிப்பதல்ல. மூலப் பதிவை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு குறியீடு போட வேண்டும்: 'கரன்ட் இல்லை', 'அளவு சரிபார்ப்பு நடந்தது', 'எல்லையைத் தாண்டியது' என்று. கல்லைப் பொறுக்கி எறியும் முன் எங்கே கிடைத்தது என்று எழுதிவைப்பது போல. அழித்துவிட்டால் பத்து ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு ஏன் அழித்தார்கள் என்று தெரியாது.

கடலோரத்தின் தனிக் கணக்கு

மாமல்லபுரம் போன்ற ஊரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அலை உடையும்போது தெறிக்கும் உப்பும் துகள்தான். பி.எம் 10 கணக்கில் அதுவும் சேரும். கடலை யாரும் மூடச் சொல்ல முடியாது. ஆகவே எது கடல் தந்தது, எது மனிதர் தந்தது என்று பிரிக்க வேண்டும். வடிகட்டியில் படிந்ததை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தால் தடயம் கிடைக்கும். சோடியமும் குளோரைடும் கூடினால் கடல். பொட்டாசியம் கூடினால் விறகும் சருகும் எரிந்த புகை. சிலிக்கான், அலுமினியம், கால்சியம் என்றால் மண், கட்டுமானம், கல் உடைக்கும் தூசி.

காற்றின் திசையும் பக்கத்துக் கட்டத்தில் இருந்தாக வேண்டும். பகலில் கடற்காற்று கரையின் மாசை உள்நாட்டுப் பக்கம் தள்ளும். இரவில் தரைக்காற்று அதைக் கடலுக்கு அனுப்பும். மறுநாள் திரும்பி வரவும் கூடும். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் இந்தக் கடற்காற்றின் போக்கை வானிலைக் கோபுரங்கள் வைத்து ஆராய்ந்துவருகிறார்கள். துகள் எண் ஓர் அலுவலகத்திலும் காற்றின் திசை இன்னோர் அலுவலகத்திலும் தனித்தனியே கிடந்தால், புகை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

வட்டாரமாகத் திட்டமிட்டவர்கள்

அமெரிக்காவில் 1999இல் வட்டாரப் புகைமூட்ட விதி வந்தது. 156 தேசியப் பூங்காக்களிலும் காட்டுப் பகுதிகளிலும் 2064க்குள் இயற்கையான தெளிவு திரும்ப வேண்டும் என்பது இலக்கு. மூன்று நாளுக்கு ஒருமுறை மாதிரி எடுக்கிறார்கள். ஆண்டுச் சராசரியை மட்டும் பார்ப்பதில்லை. மிக மோசமான 20 சதவீத நாட்களைத் தனியே எடுத்துப் பார்க்கிறார்கள். ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டிய மாதிரிகளில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். அடுத்தடுத்து 10 மாதிரிகளுக்கு மேல் விடுபட்டாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது. 2017இல் விதியைத் திருத்தி, காட்டுத்தீ, புழுதிப்புயல் போன்ற இயற்கைக் காரணங்களைப் பிரித்துவைத்தார்கள்.

இந்தியாவிலும் முன்னுதாரணம் உண்டு. தாஜ்மகாலைக் காக்க ஆக்ராவைச் சுற்றி சுமார் 10,400 சதுர கிலோமீட்டரை ஒரே வட்டாரமாக வகுத்தார்கள். 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அங்குள்ள ஆலைகள் நிலக்கரியை விட வேண்டும் என்று உத்தரவிட்டது. மாமல்லபுரச் சின்னங்களும் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களைத்தான் அலகாகக் கொண்டது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. 2017-18ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, பி.எம் 10 அளவை 2025-26க்குள் 40 சதவீதம் வரை குறைப்பது இலக்கு. நகரங்களுக்கான நிதியில் ஒரு பகுதியும் காற்று எவ்வளவு மேம்பட்டது என்பதைப் பொறுத்தது. அப்படியானால் அடிப்படை ஆண்டின் காலிக் கட்டம் ஒவ்வொன்றும் பணம்; அதைவிட, யாரோ ஒருவரின் மூச்சு.

செல்போனில் பார்க்கும்போது

மத்திய வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். இந்த எண் எந்த நிலையத்தினுடையது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எந்த மாசு முன்னே நிற்கிறது? இது இந்த மணி நேரத்து நிலையா, 24 மணி நேரச் சராசரியா? 'தரவு போதாது' என்று வந்தால் அதற்குக் காற்று சுத்தம் என்று பொருளல்ல. அன்று ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் ஆப்பை விட்டுவிட்டுக் கண்ணையும் மூக்கையும் நம்புவது நல்லது.

கருவிகள் வருவதற்கு முன்பே வானிலை ஆய்வாளர்கள் கடைப்பிடித்த முறை ஒன்று இன்றும் எளிது. தூரம் தெரிந்த ஒரு குன்றையோ கோபுரத்தையோ தேர்ந்தெடுத்து, அது தெரிகிறதா என்று தினமும் ஒரே நேரத்தில் குறித்துவைப்பது. மாடியிலிருந்து ஒரே இடத்தில் நின்று எடுக்கும் படம், தேதி, நேரம், காற்று அடித்த திசை, எங்காவது குப்பை எரிந்ததா என்ற குறிப்பு. ஒரு பள்ளி இதை ஒரு வருடம் விடாமல் செய்தால், கருவி தூங்கிய இரவுகளுக்கு அது சாட்சியாக நிற்கும்.

அடுத்த போகிக்குப் பழைய பாயைப் பழைய பொருள் சேகரிப்பவரிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் குன்று தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தாலும் எழுதிவைக்க வேண்டும். தெரியாவிட்டால் கட்டாயம் எழுதிவைக்க வேண்டும்.