சர்க்கார் செலவில் சர்க்கரை உருண்டை!

லண்டன் ஹோமியோபதி ஆஸ்பத்திரியின் கதை

1854-ம் ஆண்டு. லண்டன் நகரின் சோஹோ வட்டாரத்தில் காலரா தாண்டவமாடியது. சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

அதே வட்டாரத்தில், கோல்டன் சதுக்கத்தில், சிறிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. டாக்டர் பிரெடரிக் குவின் 1849-ல் தொடங்கிய ஹோமியோபதி ஆஸ்பத்திரி அது. அங்கே சேர்ந்த காலரா நோயாளிகள் 61 பேர். இறந்தவர்கள் 10 பேரே! பக்கத்திலிருந்த மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியிலோ பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

சுகாதார போர்டு தன் அறிக்கையில் இந்தக் கணக்கைச் சேர்க்கவில்லை. பார்லிமெண்டில் கேள்வி எழுந்த பிறகே கணக்கு வெளியாயிற்று. ஆஸ்பத்திரியின் புகழ் ஓங்கியது.

மருந்தின் மகிமையா?

காலராவில் உடலின் நீர் வற்றுவதே உயிரைக் குடிக்கிறது. அந்நாள் வைத்தியர்கள் பலர் நோயாளியின் ரத்தத்தை வெளியேற்றினர், பேதிக்கும் கொடுத்தனர். வற்றிய உடல் மேலும் வற்றியது. ஹோமியோபதி வைத்தியர்கள் இவற்றைச் செய்யவில்லை. கெடுதல் செய்யாததே நன்மையாக முடிந்தது என்று இன்றைய நிபுணர்கள் பலர் கருதுகிறார்கள்.

மருந்து தயாராகும் விதத்தையும் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு மருந்தை 99 சொட்டு நீரில் கலக்கிறார்கள். அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மீண்டும் 99 சொட்டில் கலக்கிறார்கள். இப்படி 30 தடவை செய்வதுண்டு. 12 தடவைக்குப் பிறகே மூலப்பொருளின் ஓர் அணுக்கூறு மிஞ்சுவதும் அரிது என்கிறது ரசாயனம்.

அரசின் ஆதரவு

1948-ல் பிரிட்டனில் தேசிய சுகாதாரப் பணி பிறந்தது. இந்த ஆஸ்பத்திரியும் அதில் சேர்ந்தது. கட்டணம் மக்களின் வரிப்பணத்திலிருந்து வந்தது. எலிசபெத் ராணியே இதன் புரவலராக இருந்தார்! 1972-ல் நேர்ந்த விமான விபத்தில் ஹோமியோபதி டாக்டர்கள் பலர் இறந்தனர். அந்த அடியையும் தாங்கி ஆஸ்பத்திரி நின்றது.

ஆனால் கேள்வி ஓயவில்லை. வெறும் சர்க்கரை உருண்டையைவிட இந்த மருந்து மேலானதல்ல. பொதுப்பணம் கொடுக்கலாகாது என்று 2010-ல் பார்லிமெண்டு கமிட்டி கூறியது. அன்றைய அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில் ஆஸ்பத்திரியின் பெயரிலிருந்து 'ஹோமியோபதி' என்ற சொல் மட்டும் மறைந்தது. 2017-ல் சுகாதாரப் பணியே 'எழுதிக் கொடுக்க வேண்டாம்' என்று டாக்டர்களுக்கு ஆலோசனை கூறியது. 2018 ஏப்ரலில் இந்த ஆஸ்பத்திரியில் அரசு செலவில் ஹோமியோபதி மருந்து தருவது நின்றது. ஆலோசனையை எதிர்த்துத் தொடுத்த வழக்கும் அவ்வாண்டே தள்ளுபடியாயிற்று.

இழப்பு எது?

குணமடைந்தோம் என்று சொன்ன நோயாளிகள் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. அங்கே டாக்டர்கள் நெடுநேரம் உட்கார்ந்து, நோயாளி சொல்வதை முழுவதும் கேட்டார்கள். நெரிசல் மிக்க பொது ஆஸ்பத்திரியில் அது எளிதில் கிடைப்பதில்லை.

பயனில்லாத மருந்துக்கு வரிப்பணம் கூடாது, இது நியாயம். ஆனால் மருந்தோடு சேர்த்து, நோயாளியின் பேச்சைக் கேட்கும் பொறுமையையும் தள்ளிவிட்டால் அது நஷ்டம். அந்தப் பொறுமைக்கும் பணம் ஒதுக்க வேண்டியது பொது மருத்துவத்தின் கடமையல்லவா?