குடும்பக் குழுவுக்கு ஏற்ற செயலி யாது?

பேசின் பிரிட்ஜில் இருப்புப்பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று கும்மிடிப்பூண்டிக்கும் மற்றொன்று அரக்கோணத்திற்கும் செல்கின்றது. இப்பகுதிக் குடும்பங்களும் அவ்வாறே பல திசையிற் பிரிந்து வாழ்கின்றன. தந்தை துறைமுகத்தில் இரவு ஷிப்டிலும், மாமன் காசிமேட்டிலும், தமையன் வளைகுடா நாட்டிலும், ஆயா வீட்டிலுமாக இருப்பர். இவர்களை ஒருங்கு கூட்டுவது கைப்பேசியிலுள்ள உரையாடற் குழுவேயாம். ஆதலின், அக்குழுவை எச்செயலியில் அமைப்பது என்பது சிறு வினாவன்று.

2021 ஜனவரியில் வாட்ஸாப் தன் விதிகளை மாற்றப்போவதாக அறிவித்தபொழுது, பலர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் விரைந்தனர். 2025 செப்டம்பரில், தமிழ்ப்பெயர் பூண்ட ‘அரட்டை’யை நாடினர். விரைந்தோர் பெரும்பாலும் இளைஞரே. வீட்டிலுள்ள முதியோர் பழைய இடத்திலேயே தங்கிவிட்டனர். இது நன்றோ?

எம் கருத்தில் ஆராயத்தக்கன மூன்று. முதலாவது, கடிதத்தின் முத்திரை. எழுதினாரும் பெற்றாருமன்றி, செயலியை நடத்துவோரும் படிக்கவொண்ணாத மறையாக்கம் குழுவுக்கும் உண்டோ என்று காண்டல் வேண்டும். சிக்னலில் அஃது எல்லா உரையாடலுக்கும் இயல்பாகவே உண்டு. வாட்ஸாப்பில் 2016 முதல் உண்டு. டெலிகிராமிலோ, இருவர் தாமே தெரிந்து தொடங்கும் மறையுரையாடலுக்கு உண்டேயன்றிக் குழுவுக்கு இல்லை. அரட்டையில் 2025 செப்டம்பரில் அழைப்புகளுக்கு மட்டுமே இருந்தது. எழுத்துக்குப் பின்னரே வரத் தொடங்கிற்று. பெயர் தமிழாயிருத்தல் எமக்கு உவகையே. எனினும் பெயர் பூட்டாகாது.

இரண்டாவது, நடத்துவோர் நோக்கம். 2014இல் வாட்ஸாப்பை வாங்கிய நிறுவனம் விளம்பரத்தாற் பொருளீட்டுவது. செய்தியைப் படியாவிடினும், யார் யாரோடு எப்பொழுது உரையாடினர் என்னும் குறிப்பும் ஒரு செல்வமன்றோ? சிக்னலோ இலாபங்கருதா அறநிலையத்தின்பாற்பட்டு, நன்கொடையால் நடைபெறுவது.

இவ்விரண்டானும் சிக்னலே சிறந்ததென்போம். ஆயினும் மூன்றாவதொன்று உண்டு, அதுவே தலையாயது. குடும்பத்தில் மிக எளியவர்க்கும் அஃது எட்டுமோ? 2023 டிசம்பர் 26 இரவில் எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அமோனியா வெளிப்பட, மக்கள் நள்ளிரவில் வீடுவிட்டு அகன்றனர். அத்தகைய இரவில் மகன் ஒரு செயலியிலும் தாய் வேறொன்றிலும் இருப்பின், எத்துணை வலிய பூட்டும் யாது பயன் தரும்?

ஆகவே, நண்பர்காள், தனியே ஓடற்க. விடுமுறையில் வீடு செல்லுங்கால், ஆயாவின் கைப்பேசியில் முதற்கண் சிக்னலை நிறுவுமின். எழுத்தறியாராயின் குரற்செய்தி அனுப்பக் கற்பியுங்கள். அடுத்துத் தந்தை, பின்னர் அயல்நாட்டிலுள்ளோர் என எல்லாரும் வந்து சேர்ந்த பின்னரே பழைய குழுவை மூடுக. ஒருவரேனும் வாராதவரை அதனைத் திறந்தே வைத்தல் கடன். நமக்கு ஒரு மணி நேர உழைப்பு. அவர்க்கோ, மக்கள் குரல் கேட்கும் வாயில்.