பார்ப்பவர் சொல் அம்பலம் ஏறுமா?

அரசர் போனாலும் அரச விழா போவதில்லை. 1972-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆந் திகதி இந்நாடு குடியரசாகிப் பிரித்தானிய முடியின் தலைமையைத் துறந்தது. ஆயினும் அரை நூற்றாண்டு கழிந்து, 2022 செப்டெம்பர் 19-ஆந் திகதி இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் இறுதிச் சடங்கு நடைபெற்றபோது, நமது அரசாங்கம் அந்நாளைத் தேசிய துக்க தினமாக்கி விடுமுறையும் விட்டது. மறு ஆண்டு மே 6-ஆந் திகதி மூன்றாம் சார்ள்ஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா. இரண்டுக்கும் அன்றைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க இலண்டன் சென்றார். இரு முறையும் கொழும்பு நேரப்படி பிற்பகல் மூன்றரை மணிக்குத் தொடங்கிய சடங்குகளை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் பலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து பார்த்தனர். முடிசூட்டு விழா நாளன்று தெருக்களில் வெசாக் கூடுகள் இன்னும் இறக்கப்படவில்லை.

அவர்கள் பார்த்ததைக் காட்டிலும், பார்த்த பின்னர் பேசியதே நமது கவனத்துக்குரியது. நாம் செவிமடுத்த கருத்துக்களை மூன்றாக வகுக்கலாம்.

முதற் சாரார் சினந்தனர். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு 2022. அவ்வாண்டிலேயே அயல் நாட்டு அரச குடும்பத்தின் துக்கத்துக்கு விடுமுறையா என்று கேட்டனர். அடிமை வாசனை இன்னும் அகலவில்லை என்பது இவர்களின் முடிபு. இரண்டாம் சாரார் இரசித்தனர். குதிரையும் தேரும் முடியும் செங்கோலும் எவர் வீட்டவையாயினும் கண்ணுக்கு விருந்துதானே என்பது இவர்களின் கட்சி. இவ்விரு கருத்தும் எந்த நாட்டிலும் எழக்கூடியவை.

மூன்றாவது கருத்துத்தான் நம்மைச் சிந்திக்க வைத்தது. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்த அச்சடங்கில் ‘கிரியே’ என்னும் இரக்க மன்றாட்டை பிரின் டெர்ஃபெல் என்ற பாடகர் வேல்ஸ் மொழியிலே பாடினார். முடிசூட்டு விழாவொன்றில் அம்மொழி ஒலித்தது அதுவே முதன் முறை. தூய ஆவியை அழைக்கும் பழம் பாடல் ஆங்கிலத்தோடு வேல்ஸ் மொழியிலும், ஸ்கொட்லாந்தினதும் அயர்லாந்தினதும் கேலிக் மொழிகளிலும் பாடப்பட்டது. பிரதமராயிருந்த ரிஷி சுனக் என்ற இந்து விவிலியத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். அரச சின்னங்களைக் கையளித்தோரில் இந்துவும் இசுலாமியரும் சீக்கியரும் யூதரும் இருந்தனர். இதனைப் பார்த்த கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கத் தாய் ஒருவர் கேட்ட கேள்வி இது: “சிறிய சாதியின் மொழி அங்கே அரசனுக்கு முன்னால் ஒலிக்கிறது. எங்கள் தேசிய கீதத்தை எங்கள் மொழியில் பாட இங்கே ஏன் இத்தனை யோசனை?”

இக்கேள்விக்கு விடை காணுமுன் ஒன்றைத் தெளிவாக்க விரும்புகிறோம். நாம் பிரித்தானிய முடிக்குப் பல்லாண்டு பாட வந்தவர்களல்லர். மலையகத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கச் சட்டமும், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டமும் இந்நாடு அம்முடியின் கீழ் இருந்த காலத்திலேயே நிறைவேறின. சிங்களத் தேர்ச்சி பெறாமையால் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1969-இல் அவர் வழக்குத் தொடுக்கும் உரிமையுடையவர் என்று தீர்ப்பாயிற்று. ஆட்சிமொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கோ அங்கே விடை கிடைக்கவில்லை. முடி நமக்குத் தந்த காப்பு இவ்வளவே. ஆகவே அரசர் அருளினார், வேல்ஸ் மொழி ஒலித்தது என்று எவரேனும் கூறின் நாம் ஒப்போம்.

அருளால் வந்ததல்ல அது. கேட்டவர் கேட்டதால் வந்தது. 1953-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆந் திகதி நடந்த எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு விழாவை எண்ணிப் பாருங்கள். சடங்கின் முக்கிய பகுதிகளை நேரடியாக ஒளிபரப்ப இடமில்லை என்று 1952 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. சேர்ச்சிலின் அமைச்சரவையும் அதற்கு உடந்தை. பத்திரிகைகள் கண்டித்தன, பொது மக்கள் கொதித்தெழுந்தனர். இரண்டே மாதங்களில், டிசெம்பரில், முடிவு மாற்றப்பட்டது. அரசியாருக்குத் தைலம் பூசிய கட்டம் போன்ற மிகப் புனிதமான சில பகுதிகள் நீங்கலாக ஏனையவை காட்டப்பட்டன. இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் அதைக் கண்டனர். நமது நாட்டில் அன்று தொலைக்காட்சி இல்லை, வானொலியே துணை. அரச சடங்கை யார் பார்க்கலாம் என்பதை அரண்மனை தீர்மானித்த காலம் போய், பார்ப்பவரும் தீர்மானிக்கும் காலம் அங்கே அன்றே பிறந்துவிட்டது.

2021 ஏப்பிரல் 9-ஆந் திகதி இளவரசர் பிலிப் காலமானபோது பி.பி.சி. ஏனைய நிகழ்ச்சிகளை நிறுத்தி அவர் நினைவையே இடைவிடாது ஒளிபரப்பியது. அளவுக்கு மிஞ்சியது என்று 1,09,741 முறைப்பாடுகள் குவிந்தன. அந்நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு விடயத்துக்கு அத்தனை முறைப்பாடு அதற்கு முன் வந்ததில்லை. கவனிக்க வேண்டியது தொகையை மட்டுமன்று. அத்தொகையை வெளியிட்டது பி.பி.சி.யே. உரிமக் கட்டணம் செலுத்துபவன் வாய் திறந்தால் அதை எண்ணிச் சொல்ல வேண்டிய கடமை நிறுவனத்துக்கு உண்டு என்பது அங்கே நடைமுறை. அரச குடும்பத்தின் மரணத்திலே கூடப் பார்ப்பவர் சொல் அம்பலம் ஏறியது.

வேல்ஸ் மொழியின் கதையும் இத்தகையதே. தங்கள் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி அலைவரிசை தருவதாகக் கூறிய வாக்கை தட்சர் அம்மையாரின் அரசாங்கம் கைவிட முனைந்தது. 1980-இல் வேல்ஸ் தேசியக் கட்சியின் தலைவர் க்வின்ஃபோர் எவன்ஸ் சாகும் வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக அறிவித்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் அரசாங்கம் பணிந்தது. 1982 நவம்பர் முதலாந் திகதி அவ்வலைவரிசை பிறந்தது. 1956 ஜூன் 5-ஆந் திகதி காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்து அடியும் உதையும் பட்ட தலைவர்களின் வழிவந்த நமக்கு, இப்போராட்டத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அதே 1982-இல், பெப்ரவரி 15-ஆந் திகதி, யப்பானின் உதவியோடு ரூபவாகினி இங்கே ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அது நம்மோடு எப்படிப் பேசி வந்திருக்கிறது?

1983 ஜூலையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. அம்மாதம் 28-ஆந் திகதி சனாதிபதி ஜெயவர்த்தனா தொலைக்காட்சியில் தோன்றினார். உற்றாரை இழந்தோருக்கும் வீடிழந்து முகாம்களில் ஒண்டியிருந்தோருக்கும் ஓர் அனுதாபச் சொல்லேனும் அவ்வுரையில் இல்லை. கேட்டவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை. 2009-இல் போர் முடிந்தபோது ஒரு சாரார் வெற்றி விழாக் கொண்டாட, மறு சாரார் வன்னியில் தம் உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்று அறியாமல் தவித்தனர். குடியரசின் தலைவரை மகாராஜாவென விளித்து வாழ்த்திய பாட்டுக்கூட அந்நாட்களில் ஒலித்தது. அரசர் இல்லாத நாட்டிலும் அரச விழா உண்டு என்று நாம் தொடக்கத்திற் கூறியது இதனாலேயே.

சுதந்திர தினத்தையே எடுத்துக்கொள்வோம். மு. நல்லதம்பிப் புலவர் தமிழாக்கிய தேசிய கீதம், 1949-க்குப் பின்னர் 2016 பெப்ரவரி 4-ஆந் திகதியே அரச சுதந்திர தின விழாவில் முதன் முறையாக ஒலித்தது. அன்று தொலைக்காட்சியின் முன் கண் கலங்கினோர் பலர். ஆட்சி மாறியபின் 2020-இல் அக்கீதம் அவ்விழாவிலிருந்து விலக்கப்பட்டது. ஆள்வோரின் மனநிலைக்கேற்ப வருவதும் போவதுமாயிருப்பது உரிமையாகுமா? அது இரவல் நகை. இரவல் கொடுத்தவன் கேட்கும்போது கழற்றிக் கொடுக்க வேண்டியதுதான்.

“தமிழருக்கு ரூபவாகினியின் நேத்ரா உண்டு, சுயாதீன தொலைக்காட்சியின் வசந்தம் உண்டு, இன்னும் என்ன குறை?” என்று கேட்பாருளர். அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவற்றில் உழைக்கும் தமிழ் ஊழியரின் பணியைப் பாராட்டுகிறோம். ஆனால் வேல்ஸ் மக்கள் தனி அலைவரிசையும் பெற்றனர். நாட்டின் பொது மேடையிலும் தம் மொழிக்கு இடம் பெற்றனர். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கலியாணப் பந்தலில் எல்லோருக்கும் ஒரு பந்தி, ஒரு சாராருக்கு மட்டும் பின் விறாந்தையில் தனி இலை என்றால், இலையிலே பதினாறு கறி இருந்தாலும் தன்மானமுள்ளவன் உண்பானா? பந்தி வேறுபாட்டின் கொடுமையை நமது சமுதாயமே தனக்குள் செய்தும் கண்டும் திருந்த முயன்றது. ஆகவே அதன் சுவை நமக்குத் தெரியும்.

வேல்ஸ் மொழி பேசுவோர் 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ ஐந்து இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர். அவர்களின் நாட்டிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இலங்கையில் தமிழ் பேசும் மக்களோ மொத்தக் குடிகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் 1987-இலேயே கூறிவிட்டது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. ஏட்டில் உள்ளதை நாட்டில் காட்டுக என்பதே.

நமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, தேசிய விழாக்கள் யாவும் அரச தொலைக்காட்சியின் பிரதான அலைவரிசையிலேயே இரு மொழி வருணனையோடு ஒளிபரப்பாதல் வேண்டும். சிங்களச் சகோதரர் தமது வீட்டிலிருந்து தமிழைக் கேட்பதும் அவசியம். ஒரே விழா என்பதை அவர்களும் அப்போதே உணர்வர். இரண்டாவது, தமிழில் தேசிய கீதம் பாடுவது ஆட்சிக்கு ஆட்சி மாறாத நியதியாதல் வேண்டும். மூன்றாவது, பார்ப்பவர் கருத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுப் பதிந்து, எத்தனை முறைப்பாடு வந்தது, அவற்றுக்கு என்ன பதில் சொல்லப்பட்டது என்பதை ஆண்டுதோறும் கூட்டுத்தாபனம் வெளியிடுதல் வேண்டும். அப்படியொரு கணக்கை இந்நாட்டு மக்கள் இதுவரை கண்டதுண்டா?

நம்மவர்க்கும் ஒரு சொல். காலி வீதியின் தேநீர்க் கடையிலும் ஜம்பட்டா வீதியின் வாசற்படியிலும் முணுமுணுப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. மனத்தாங்கலைக் கடிதமாக்குங்கள். தமிழிலேயே எழுதுங்கள். கூட்டுத்தாபனத்துக்கு எழுதுங்கள், 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். பதில் வராவிடின் மீண்டும் எழுதுங்கள். அங்கே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகளும் ஒவ்வொரு வீட்டிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தவையே.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது பழமொழி. ஏறாதிருந்தது சொல்லின் குற்றமன்று. ஏற்றுவார் இல்லாத குற்றம். அடுத்த பெப்ரவரி 4-ஆந் திகதி விழாக் கொடி ஏறுமுன், நமது சொல் அம்பலம் ஏறட்டும்.