பெயர் எழுதாத விடைத்தாள்

“ஐந்நூறு ரூபாய்க்கு வேற என்ன சார் எதிர்பார்க்கிறீங்க?”

போன மாதம் நம்மூர் மார்க்கெட் பக்கம் ஒரு கடைக்காரர் என்னைக் கேட்ட கேள்வி இது. அங்கே நின்றபோது எனக்குப் பதில் வரவில்லை. வெளியே மழை வேறு. குடையை விரித்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன். இப்போது பதில் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லுகிறேன். மே விடுமுறைக்குக் கோயமுத்தூரிலிருந்து பேரன் வந்திருந்தான். வயது பத்து. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. பையன் நாள் முழுக்க அவன் அப்பாவின் பழைய செல்போனும் கையுமாக இருந்தான். அதை மறக்கடிக்கத்தான் உள்ளங்கையில் அடங்கும் அந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கினேன். ‘400 விளையாட்டுகள்’ என்று அட்டையில் கொட்டை எழுத்து.

உண்மையைச் சொன்னால், பேரனுக்காக மட்டும் வாங்கவில்லை. தொண்ணூறுகளில் என் மகன் டிவியில் மாட்டி ஆடும் கேம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தான். குமாஸ்தா சம்பளம், முடியாது என்றுவிட்டேன். அவன் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, தன் முறை வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு எல்லாமே இருபதுக்கு மதிப்பெண். இந்தப் பெட்டிக்கும் அப்படியே போட்டேன்.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். மூன்று அங்குலத் திரை, கண்ணாடி போட்டால் எனக்கே தெரிகிறது. கரண்ட் போனாலும் ஓடும். நெட் வேண்டாம், விளம்பரம் வராது, ‘இன்னும் நாணயம் வாங்கு’ என்று குழந்தையிடம் காசு கேட்காது. தோற்றால் தோற்றதுதான், வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். திரையில் மரியோவைப் பார்த்ததும், நாற்பத்தைந்து வயதுக்காரன் சூடான போண்டாவை ஆறவிட்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் அவன் பிள்ளை, “அப்பா, எனக்குக் குடுங்க” என்று. அதற்கே நான் பதினான்கு போட்டேன்.

பிறகுதான் கழித்தல் ஆரம்பித்தது. நானும் பேரனும் நோட்டுப் போட்டு 400ஐயும் எண்ணினோம். ஒரே விளையாட்டு, சட்டை நிறம் மாற்றி நாலு பெயரில் வருகிறது. தனித்தனி விளையாட்டு என்று பார்த்தால் எங்கள் கணக்கில் பாதிகூடத் தேறவில்லை. இரண்டு கழித்தேன். பல விளையாட்டுகளில் முகப்பில் இருக்க வேண்டிய கம்பெனிப் பெயரும் வருஷமும் இல்லை. யாரோ உழைத்துச் செய்ததை, பெயரை அழித்துவிட்டு விற்கிறார்கள். இன்னும் இரண்டு.

நாலாவது வாரம் பின்மூடி தானாகத் தூக்கிக்கொண்டது. திறந்தால், உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருக்கிறது. பையன் அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அதை எடுத்துக்கொண்டு போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

விலை குறைந்தால் தரமும் குறையத்தான் வேண்டும் என்பது அவர் வாதம். அது சரியில்லை. 1989ல் ஜப்பானின் நின்டெண்டோ ‘கேம் பாய்’ கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்த குன்பேய் யோகோய் என்ற பொறியாளரின் கொள்கையே, பழசாகி விலை இறங்கிய தொழில்நுட்பத்தைப் புதுவிதமாகப் பயன்படுத்துவதுதான். எதிரில் அட்டாரியும் சேகாவும் ஆறு பேட்டரி போட்டுக் கலர்த்திரை காட்டின. அவை சீக்கிரம் தீர்ந்தன. கேம் பாய் நாலு பேட்டரியில், கலரில்லாத மங்கல் திரையில் மணிக்கணக்கில் ஓடி, இருவரையும் ஜெயித்தது. மலிவு என்பது குற்றமே இல்லை. 1983ல் ஒரு முழுப் பெட்டி செய்த வேலையை இன்று ஒரு சில்லு செய்கிறது, அதனால் விலை குறைகிறது. நியாயம்தான்.

அப்படியானால் குறை எங்கே? உப்பிய பேட்டரியின் அளவு உங்களுக்குப் பழக்கமானது. நம் கையில் எல்லாம் இருந்த நோக்கியா 1100ல் போட்ட பிஎல்-5சி வடிவம். 2007 ஆகஸ்டு ஞாபகம் இருக்கிறதா? மட்சுஷிதா கம்பெனி செய்துகொடுத்த 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சூடாகலாம் என்று நோக்கியாவே அறிவித்தது. ஊரெல்லாம் போன் முதுகைக் கழற்றி எண்ணைப் பார்த்தோம். அறிவிக்க முடிந்தது ஏன்? பேட்டரியில் பெயர் இருந்தது, எண் இருந்தது. தப்புச் செய்தவருக்கு முகவரி இருந்தது.

என் பெட்டியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செய்தவர் பெயர் இல்லை. இறக்குமதி செய்தவர் பெயர் இல்லை. மாதம், வருஷம் இல்லை. புகார் எண் இல்லை. நாளைக்கு ஆயிரம் பேட்டரி உப்பினாலும் யார் அறிவிப்பார்? யாருக்கு அறிவிப்பார்?

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமலில்லை. பொட்டலப் பொருட்களில் பெயர், முகவரி, விலை, மாதம், புகார் எண் போட வேண்டும் என்பது 2011ம் வருஷ விதி. 2012ல் வந்த கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே வீடியோ கேம் இருக்கிறது. தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் வேண்டும். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பொறுப்பு என்கிறது 2022ம் வருஷ விதி. பெயரே இல்லாதவரை எந்த விதி பிடிக்கும்? மலையேறும் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பறிக்கிறோம். நல்ல காரியம். ஆனால் இந்த உப்பிய பேட்டரி எங்கே போகும்? தீட்டுக்கல் குப்பைக் கிடங்குக்கா?

“சின்னக் கடை சார், பிழைக்க வேண்டாமா?” என்பார்கள். கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் மொத்த வியாபாரி பில் தந்திருக்க மாட்டார். எனக்கும் அவர் தந்தது ‘எஸ்டிமேட்’ என்ற துண்டுச்சீட்டுதான். பெயரில்லாத சரக்கு, பெயரில்லாத சீட்டு. நஷ்டம் மட்டும் கடைசியில் நிற்பவன் பெயரில். முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன், பில் கேட்காமல் வாங்கினேனே, அது என் தப்பு.

நீங்கள் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. பேரப்பிள்ளை கையில் போனைவிட இது மேல். ஆனால் 400ஐப் பார்க்காதீர்கள், அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெயர், முகவரி, முத்திரை இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள். பில் கேளுங்கள். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பொருளுக்கு நீங்கள் கொடுத்தது ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. பேட்டரி உப்பினால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள். என்னுடையது மண் போட்ட தகர டப்பாவில் வெளியே இருக்கிறது.

பத்துக்கு வந்து நின்ற என் கணக்கை முடிக்கிறேன். எங்கள் பிரெஞ்சு வாத்தியாருக்கு ஒரு பழக்கம். விடை எவ்வளவு சரியாக இருந்தாலும், தாளின் தலையில் பெயர் எழுதவில்லையென்றால் திருத்தமாட்டார். இருபதுக்குப் பூஜ்யம். “இது யாருடையது என்று சொல்ல உனக்கே வெட்கமா?” என்பார்.

ஐந்நூறு ரூபாய்க்கு வேறென்ன எதிர்பார்க்கிறேன் என்றா கேட்டீர்கள்? ஒரு பெயரை எதிர்பார்க்கிறேன், சார். அதை அச்சடிக்கக் காசு அதிகம் ஆகாது.

மகன் நேற்று போன் செய்தான். “அப்பா, அந்த கேம் என்னாச்சு? எட்டாவது உலகம் பாக்கி இருக்கு” என்றான். வேறொன்று வாங்கி வைக்கிறேன் என்றேன். இந்தத் தடவை மறுக்கப்போவதில்லை. அட்டையைப் படித்துத்தான் வாங்குவேன்.