கருணைக்குக் குறைவில்லை, வீட்டுக்குத்தான் குறை

டிசம்பர் பிறந்தால் லண்டனில் ஒரு நம்பிக்கையும் பிறந்துவிடுகிறது. தெருவில் படுத்திருப்பவர்களை நாம் கண்டுகொள்ளாமல் கடந்துபோவதால்தான் அவர்கள் அந்த நிலையில் கிடக்கிறார்கள், பண்டிகை நாளில் சூடாக ஒருவேளைச் சாப்பாடு, ஒரு போர்வை, நாலு நல்ல வார்த்தை கொடுத்தால் துயரம் தீரத் தொடங்கும் என்கிற நம்பிக்கை. நல்ல மனங்களில் பிறப்பதால் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசியாக வேண்டும்.

தொண்டு செய்பவர்கள் மேல் எனக்குக் குறை கிடையாது. 1967இல் தொடங்கிய 'கிரைசிஸ்' அமைப்பின் கிறிஸ்துமஸ் முகாம்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்து வருகிறார்கள். சாப்பாட்டோடு பல் மருத்துவர், முடிதிருத்துபவர், நடந்து நடந்து புண்ணான கால்களுக்கு மருந்திடுபவர், வீட்டுப் பிரச்சினைக்கு வழிசொல்பவர் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். டிசம்பர் 25 அன்று லண்டனில் ரயில் ஓடாது, பேருந்து ஓடாது, நூலகம் திறக்காது. ஒதுங்க இடமில்லாதவருக்கு ஆண்டிலேயே கொடிய நாள் அதுதான். அன்று கதவைத் திறந்துவைப்பவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். நான் எதிர்ப்பது, அந்தக் கதவே வீடு என்று ஊர் நம்புவதை.

இங்கிலாந்தில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் ஓர் இரவைக் கணக்காக வைத்து, தெருவில் உறங்குபவர்களை எண்ணுகிறார்கள். 2010இல் 1,768 பேர். 2017இல் 4,751 பேர். இந்த ஏழாண்டில் கிறிஸ்துமஸ் தொண்டு நின்றுவிடவில்லை. சமைத்தவர்களும் பரிமாறியவர்களும் தவறாமல் வந்தார்கள். தெருவில் கிடந்தவர்களோ இரண்டரை மடங்குக்கும் மேலானார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும், எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உள்ளாட்சிக் கவுன்சில்களுக்கு அரசு சொன்னது, பணமும் கொடுத்தது. ஆளில்லாமல் கிடந்த ஹோட்டல் அறைகள் திறந்தன. தெருவிலும் நெரிசலான இரவுத் தங்குமிடங்களிலும் இருந்தவர்களில் ஏறத்தாழ 15,000 பேருக்கு இரண்டே மாதத்தில் அறை கிடைத்தது. 2021 கணக்கெடுப்பில் தெருவில் உறங்கியவர்கள் 2,500க்கும் குறைவு. அந்த அவசர ஏற்பாடு கலைந்த பிறகு, 2024இல் மறுபடியும் 4,667. மக்களின் இரக்கமா இப்படி ஏறி இறங்கியது? அரசின் முடிவுகள் மாறின, எண்ணிக்கையும் மாறியது.

வீடின்மை எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் வந்தபின் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 லட்சம் கவுன்சில் வீடுகள் குடியிருந்தவர்களுக்கே விற்கப்பட்டன. விற்றதற்கு ஈடாகக் கட்டப்படவில்லை. தனியார் வாடகைக்கான அரசு உதவித்தொகை 2016 முதல் நான்கு ஆண்டுகள் உயராமல் நிறுத்திவைக்கப்பட்டது; வாடகை நிற்காமல் ஏறியது. சட்டத்திலும் ஓட்டை. குழந்தை உள்ளவர், கர்ப்பிணி, நலிந்தவர் போன்ற சில பிரிவினருக்கே வீடு கொடுக்கும் கடமை கவுன்சிலுக்கு உண்டு. தனியாளாக வந்து நிற்பவர் பெரும்பாலும், வீடிழக்கும் ஒரு சாதாரண மனிதரைவிடத் தாம் கணிசமாக நலிந்தவர் என்று காட்ட வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு ஆலோசனையும் உதவியும் உண்டு என்றது. வீடு உண்டு என்று சொல்லவில்லை. ஸ்காட்லாந்து இந்த முன்னுரிமைப் பாகுபாட்டை 2012இலேயே ஒழித்துவிட்டது.

குடி, போதை, குடும்பச் சண்டை இவைதான் காரணம் என்பார்கள். பின்லாந்தில் குடி இல்லையா, குடும்பம் உடைவதில்லையா? அங்கே 1987இல் வீடற்றவர்கள் 18,000 பேருக்கு மேல். முதலில் குடியை விடு, பிறகு வீடு என்ற நிபந்தனையை 2008 முதல் அவர்கள் கைவிட்டார்கள். வாடகை ஒப்பந்தத்தோடு சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, மற்றச் சிக்கல்களுக்கு அதன்பிறகு துணைநின்றார்கள். இரவுத் தங்குமிடங்களைத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாற்றினார்கள். 2022இல் எண்ணிக்கை 4,000க்கும் கீழே வந்தது. 2024இல் சற்றே உயர்ந்தது. இது அரசு கைவிட்டால் திரும்பிவிடும் நோய்.

கிறிஸ்துமஸ் நம்பிக்கை செய்யும் கேடு இரண்டு. முதலாவது, அது கண்ணில் படுபவரை மட்டுமே வீடற்றவராகக் காட்டுகிறது. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் கவுன்சில் ஒதுக்கிய தற்காலிகத் தங்குமிடங்களில் இருக்கின்றன. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அங்கே வளர்கிறார்கள். ஒரே அறையில் படுத்து, அங்கேயே வீட்டுப்பாடம் எழுதும் அந்தப் பிள்ளைகள் சூப் வரிசையில் நிற்பதில்லை. அதனால் நம் இரக்கத்தின் கணக்கிலும் வருவதில்லை. இரண்டாவது, அது அரசைத் தப்பவிடுகிறது. உதவித்தொகையை முடக்கும் தீர்மானத்துக்குக் கைதூக்கியவர், டிசம்பரில் கரண்டி பிடித்துப் படமெடுத்துக்கொண்டால் நல்லவராகிவிடுகிறார்.

பசித்தவருக்குச் சோறிடுவதன் பெருமையைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மணிமேகலை சோறிட்டதோடு நிற்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். உனக்கு என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தா என்றாள். வற்றாத பாத்திரம் கையில் இருந்தும், மாற வேண்டியது அரசின் நிறுவனம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே இந்த டிசம்பரிலும் முகாமுக்குப் போங்கள். சமையுங்கள், பரிமாறுங்கள், உட்கார்ந்து பேசுங்கள். ஜனவரியில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கவுன்சிலரிடமும் போய்க் கேளுங்கள்: கவுன்சில் வாடகைக்கு இந்த ஆண்டு எத்தனை வீடு கட்டப்போகிறீர்கள்? உதவித்தொகையை ஏறும் வாடகையோடு எப்போது இணைப்பீர்கள்? தனியாளுக்கும் வீட்டுரிமை எப்போது தருவீர்கள்? பதில் வரும்வரை மாதந்தோறும் கேளுங்கள். முகாமுக்கு வந்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் இந்தக் கேள்விகளையும் சேர்த்ததுதான்.